ஆறாமீனும் உப்பில்லாச் சோறும்

என் அண்ணனுக்கு வலது கை எப்போதும் லேசாக நடுங்கும். டீ கிளாஸைக் கையில் கொடுத்தால் டீயின் மேல்பரப்பு மட்டும் சிலிர்க்கும், சிந்தாது. பல வருடமாக அவன் சாப்பிட்டு வரும் லித்தியம் மாத்திரை கொடுத்த நடுக்கம் அது. இந்த அளவுக்கு இருந்தால் ஆபத்தில்லை என்று அதை எழுதிக்கொடுத்த டாக்டரம்மா ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். வீட்டில் யாரும் அதைக் கவனிப்பதில்லை. நான் கவனிப்பேன். பூட்டிய கதவை இழுத்துப் பார்த்துவிட்டு, பஸ் ஸ்டாப்பு வரை போனபின் மறுபடி வந்து இழுத்துப் பார்க்கிற ரகம் நான். எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் ‘அவ புத்தி’. “வுடு, அது அவ புத்தி” என்று அம்மா சொன்னால் பேச்சு அதோடு முடிந்தது என்று அர்த்தம்.

எங்கள் ஊர் பாகூர் ஏரிக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. நெல்லும் கரும்பும்தான் பிழைப்பு. அண்ணனுக்கு இருபது வயது தாண்டியதும் மனநோய் வந்தது. முதலில் தூக்கம் போனது. பிறகு பைக்கை எடுத்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்தான். வில்லியனூர் போவான், அங்கிருந்து மதகடிப்பட்டு, அங்கிருந்து கடலூர், திரும்ப வில்லியனூர். வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் கரும்பாலை கட்டப் போவதாகச் சொல்வான். சோறு வேண்டாம், தூக்கம் வேண்டாம், கண்ணில் மட்டும் ஒரு பளபளப்பு. அந்தச் சுற்றல் ஓய்ந்ததும் மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடப்பான். அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். அம்மாவும் நானும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி அவனைக் குளிக்கக் கூட்டிப்போவோம். கடைசியில் பிள்ளையார்குப்பத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா லித்தியம் எழுதிக் கொடுத்தார். அதன் பிறகுதான் அண்ணன் எங்களுக்குத் திரும்பக் கிடைத்தான். இப்போது திருபுவனையில் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறான். காலையில் கரியமாணிக்கம் வழியாக வேலைக்குப் போகிறான், ஷிப்டு முடிந்ததும் நேராக வீட்டுக்கு வருகிறான். நேராக வருகிறான் என்பதில் எத்தனை நிம்மதி இருக்கிறது என்று எனக்கும் அம்மாவுக்கும்தான் தெரியும்.

நான் வெளியூரில் வானியல் ஆராய்ச்சி செய்கிறேன். சூரியனைவிடச் சூடு குறைந்த இளம் நட்சத்திரங்களில் எவ்வளவு லித்தியம் இருக்கிறது, அவை சுழலும் வேகத்துக்கும் அதற்கும் என்ன உறவு என்பதுதான் என் தலைப்பு. என் கைடு சார் கொடுத்த தலைப்பு, நானாகத் தேடிப் போகவில்லை. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. முதன்முதலில் போனில் சொன்னபோது அண்ணன் சிரித்துவிட்டான்.

“ஏண்டி, வூட்ல இருக்கற லித்தியம் பத்தலியா ஒனக்கு?”

ஆய்வேட்டை எழுதி முடிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு நான் ஊருக்கு வந்தபோது அக்னி நட்சத்திரம் தொடங்கியிருந்தது. அண்ணன் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, இடுப்பில் மஞ்சள் வேட்டியும் மணிக்கட்டில் மஞ்சள் கயிறுமாக வீட்டில் இருந்தான். திரௌபதி அம்மன் கோயில் தீமிதிக்குக் காப்பு கட்டியிருந்தான். அவன் சுவரைப் பார்த்துக் கிடந்த நாளில் அம்மா செய்துகொண்ட வேண்டுதல் அது. என் பிள்ளை எழுந்து நடமாடினால் உன் தீயில் இறக்குகிறேன் என்று அம்மனிடம் சொல்லியிருந்தாள். கோயில் வேலை, அது இது என்று தள்ளிப்போய் இந்த வருடம்தான் தீமிதி கூடி வந்தது.

காப்பு கட்டியவன் ஒரு வேளைதான் சாப்பிட வேண்டும். அந்தச் சாப்பாட்டிலும் உப்பு கூடாது. தீ இறங்கும் வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. மற்ற ஊர்களில் எப்படியோ, எங்கள் ஊர் அம்மனுக்கு இந்த உப்பு விஷயத்தில் விட்டுக்கொடுப்பே கிடையாது. அண்ணனுக்கு உடம்பில் லித்தியம் எவ்வளவு என்று பார்க்க வழக்கமாக எடுக்கும் ரத்தப் பரிசோதனைகூட அந்தச் சமயத்தில்தான் வந்தது. எல்லை தாண்டக் கூடாதே, அதனால் காப்பு அவிழ்த்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். ஆனால் மாத்திரையை அம்மா ஒரு வேளை கூடத் தவற விடவில்லை. விரதமாக இருந்தாலும் மாத்திரை போட்டே ஆக வேண்டும் என்று பக்கத்திலேயே நின்று விழுங்க வைத்தாள். சாமி வேறு, மாத்திரை வேறு என்பதில் அம்மா எப்போதும் தெளிவு. நானும் அதைப் பார்த்து நிம்மதியாக இருந்தேன்.

கூடத்தில் ஃபேனுக்குக் கீழே லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அண்ணன் பக்கத்தில் பாயில் படுத்துக்கொண்டு திரையைப் பார்ப்பான்.

“இன்னாடி அது, ஈசிஜியா?”

“நட்சத்திரத்தோட வெளிச்சம்ணா. நெறம் நெறமா பிரிச்சிப் போட்டிருக்கு. பள்ளம் பள்ளமா இருக்குதில்ல, ஒவ்வொண்ணும் ஒரு பொருள். தோ, இந்தச் சின்னப் பள்ளம்தான் லித்தியம்.”

“எனக்கு மட்டும் ஊசியால குத்தி எடுக்கறாங்க. இதுக்கு வெளிச்சத்தப் பாத்தே சொல்லிடுவியா?”

அவனுக்குப் புரிகிற மாதிரி சொல்லிப் பார்த்தேன். கரும்புப் பால் காய்ச்சுகிற கொப்பரையை நினைத்துக்கொள்ளச் சொன்னேன். நட்சத்திரத்தின் மேல்பகுதி அப்படித்தான் கொதித்துப் புரளும். மேலே இருப்பது அடிக்குப் போகும், அடியில் இருப்பது மேலே வரும். பிறக்கும்போது எல்லா நட்சத்திரத்திலும் லித்தியம் கொஞ்சம் உண்டு. ஆனால் அது மென்மையான பொருள். கொப்பரையின் அடி போதுமான அளவு சூடானால் அங்கே போன லித்தியம் அழிந்துவிடும், திரும்பி வராது. அதனால் நாளாக நாளாக லித்தியம் குறைந்துகொண்டே போகும்.

“சரி, எல்லாத்துலயும் ஒரே மாதிரி கொறையுமா?”

“அதான் சமாச்சாரமே. ஒரே நேரத்துல பொறந்த கூட்டம், எடையும் ஏறக்குறைய ஒண்ணுதான். ஆனா ஒண்ணுல லித்தியம் நெறைய இருக்கு, பக்கத்துல இருக்கறதுல காலி. பாத்தா, வேகமா சுத்தறதுலதான் மிச்சம் இருக்கு. மெதுவா சுத்தறது இழந்துட்டு நிக்குது.”

“ஏன் அப்டி?”

“உறுதியா யாருக்கும் தெரியல. வேகமா சுத்தினா காந்த சக்தி ஜாஸ்தியாவும். அது நட்சத்திரத்தக் கொஞ்சம் ஊத வைக்கும். ஊதினா அடியில சூடு கொறையும், லித்தியம் தப்பிச்சிக்கும்னு சொல்றாங்க. வேற சிலபேரு, மெதுவா சுத்தறதுல உள்ள ஒரு வேகம் வெளிய ஒரு வேகம் இருக்கறதால கலக்கல் ஜாஸ்தின்றாங்க.”

அண்ணன் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தான்.

“அப்ப நான் நேர் எதிர். எனக்கு லித்தியம் உள்ள போனாதான் சுத்தறது நிக்கும்.”

இருவரும் சிரித்தோம். நோயை வைத்து எங்கள் வீட்டில் சிரிக்க முடிந்ததே பெரிய விஷயம். எந்த நட்சத்திரம் என்று கேட்டான். நான் அதிகம் பார்த்த கூட்டம் ஆறாமீன், அதாவது கார்த்திகை. பொழுது சாய்ந்ததும் காட்டச் சொன்னான். இப்போது தெரியாது, சூரியன் அதன் பக்கத்தில் நிற்கிறது, அதனால்தான் இந்த நாட்களுக்கே அக்னி நட்சத்திரம் என்று பெயர் என்றேன்.

“இந்தக் கொளுத்து கொளுத்தறதுக்கு உன் நட்சத்திரம்தான் காரணமா? நல்லா படிச்ச போ” என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

நான் சிரித்தாலும் உள்ளே ஒரு கல் கிடந்தது. அது என் ஆய்வின் அடியில் இருந்த கல். வேகமாகச் சுழலும் நட்சத்திரத்தின் ஒரு பாதி நம்மை நோக்கி வரும், மறு பாதி விலகிப் போகும். அதனால் அதன் ஒளியில் உள்ள பள்ளங்கள் எல்லாம் அகன்று மழுங்கிவிடும். லித்தியத்தின் பள்ளத்தை ஒட்டியே இரும்பின் பள்ளம் ஒன்று இருக்கிறது. மெதுவாகச் சுழல்வதில் இரண்டையும் பிரித்துப் பார்த்துவிடலாம். வேகமாகச் சுழல்வதில் இரண்டும் கலந்து ஒன்றாகிவிடும். அந்த இரும்பையும் லித்தியம் என்று எண்ணிவிட்டால், வேகமானவை எல்லாம் லித்தியம் நிறைந்தவையாகத்தான் தெரியும். அப்படியானால் நான் இத்தனை வருடமாகக் கண்டுபிடித்த உறவு என் கண்ணின் கோளாறு.

“இரும்பை ஒழுங்காகக் கழித்தாயா?” என்று சார் போனில் கேட்டிருந்தார். கழித்திருந்தேன். ஒழுங்காகவா என்றுதான் தெரியவில்லை. அதற்கு வழி இருக்கிறது. அதே நட்சத்திரத்தில் வேறு இடங்களில் யாரோடும் கலக்காமல் தனியாக நிற்கிற இரும்புப் பள்ளங்களை அளக்க வேண்டும். அவற்றை வைத்து, கலந்த இடத்தில் இரும்பின் பங்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுக் கழிக்க வேண்டும். மிச்சம் இருந்தால் அது லித்தியம். மிச்சம் இருக்குமா என்ற பயத்தில் ஒவ்வொரு நட்சத்திரமாக மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருந்தேன்.

இதற்கிடையில் அண்ணன் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டிருந்தான். முதலில் வயிற்றைப் புரட்டுகிறது என்றான். ஒரு வேளைச் சோறு, அதுவும் உப்பில்லாத சோறு, யாருக்குத்தான் புரட்டாது என்றாள் அம்மா. பிறகு தாகம் தாகம் என்றான். வெயில். பிறகு பகலெல்லாம் தூங்கினான். விரதக் களைப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, அதுவும் நியாயமான காரணம்.

கைதான் என்னை உறுத்தியது. டீ சிலிர்ப்பது போய், தண்ணீர்ச் சொம்பு பல்லில் மோதும் சத்தம் கேட்டது.

“அம்மா, அண்ணனுக்குக் கை ரொம்ப நடுங்குது.”

“அவனுக்கு எப்பவும் நடுங்கறதுதானே.”

“இது வேற மாதிரி இருக்கு.”

“காப்பு கட்டியிருக்கான்டி. அம்மன் கிட்ட வர வர அப்டித்தான் இருக்கும். ஒனக்கு எதப் பாத்துதான் பயம் இல்ல? போன தபா நான் இருமினதுக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னவதானே நீ.”

சொன்னேன்தான். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று வந்ததும் உண்மைதான். என்னுடைய பெரிய கஷ்டமே இதுதான். எதற்கும் பயப்படுகிறவள் உண்மையாகவே பயப்பட வேண்டிய நேரத்தில் என்ன செய்வாள்? அவளை மற்றவர்கள் நம்பாதது இருக்கட்டும், அவளே அவளை நம்ப முடியாது. நெஞ்சு அடித்துக்கொள்கிறது, ஆனால் என் நெஞ்சு எதற்குத்தான் அடித்துக்கொள்ளவில்லை? நான் லேப்டாப்பைத் திறந்து இரும்பைக் கழித்துக்கொண்டிருந்தேன், கண் மட்டும் பாயில் படுத்திருந்தவன் மேலேயே இருந்தது.

தீமிதி அன்று காலையிலேயே கோயில் திடலில் புளியங்கட்டைகளை அடுக்கிக் கொளுத்திவிட்டார்கள். மத்தியானத்துக்குள் அது தணலாகிவிட்டது. காற்று அந்தப் பக்கம் திரும்பினால் நிற்க முடியவில்லை. காப்பு கட்டியவர்களைப் பந்தலின் கீழே வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். பம்பை அடிக்கிறவர்கள் நெற்றி வேர்க்க வேர்க்க அடித்தார்கள். ஒவ்வொருவராக அருள் வந்து ஆடத் தொடங்கினார்கள். அண்ணன் எழுந்து ஆடவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே அவன் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. இரண்டு கையும் உதறின. தலை தொங்கிப் போயிருந்தது.

“பாத்தியா, எல்லாரையும்விட இவன்கிட்டதான் நல்லா எறங்கியிருக்கா” என்று பக்கத்தில் ஒரு பெண் சொன்னாள். இரண்டு பேர் வந்து அவன் காலில் விழுந்து கும்பிட்டார்கள். அம்மா கண்ணில் தண்ணீர் நின்றது. பல வருடமாக ஊரில் அவள் பைத்தியக்காரன் அம்மாவாக இருந்தவள். இன்றைக்கு அவள் மகன் காலில் ஊர் விழுகிறது. அந்த முகத்தைப் பார்த்துவிட்டு என்னால் வாயைத் திறக்க முடியவில்லை.

அப்போது பம்பைக்காரர்கள் டீ குடிக்க நிறுத்தினார்கள். சத்தம் நின்றதும் ஆடியவர்களும் நின்றார்கள். ஒருவர் சோடா கேட்டார். இன்னொருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வேட்டியை இறுக்கிக் கட்டினார். பந்தல் முழுவதும் சாதாரணமாக மூச்சு வாங்கியது. அண்ணன் மட்டும் நிற்கவில்லை. அவன் கைகள் அப்படியே உதறிக்கொண்டிருந்தன.

எனக்கு அந்த இடத்தில் நினைவு வந்தது இரும்புதான். கலந்த இடத்தைப் பார்க்காதே, தனியாக நிற்கிற இடத்தைப் பார். இவனிடம் இருப்பது அருளா, பழைய நடுக்கமா, வேறு ஏதாவதா என்று இவனையே பார்த்துக்கொண்டிருந்தால் தெரியாது. மற்றவர்களைப் பார்த்தால் தெரிகிறது. பம்பை நின்றால் அருள் நிற்கிறது. பழைய நடுக்கம் என்றால் டீ சிலிர்க்கும் அளவுதான். இரண்டையும் கழித்த பிறகும் இவ்வளவு மிச்சம் இருக்கிறது.

நான் போய் அவன் எதிரில் குந்தினேன்.

“அண்ணா, என்னப் பாரு. உன் மூக்கத் தொடு.”

அவன் விரலைத் தூக்கினான். அது கன்னத்தில் போய் இடித்தது. மறுபடி முயன்றான், காதோரம் போனது. ஏதோ சொன்னான். நாக்கு தடித்துப் போனவன் பேச்சு மாதிரி இருந்தது, ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. இளநீரைக் கொடுத்தால் பாதி மார்பில் வழிந்தது.

பயந்தாங்கொள்ளி என்பதால் எல்லா நம்பரும் என் போனில் உண்டு. பந்தலுக்கு வெளியே ஓடி டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். நல்ல வேளையாக எடுத்தார். நான் மூச்சுவிடாமல் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, மாத்திரை அதிகமாகச் சாப்பிட்டானா என்றார். இல்லை. வாந்தி பேதி? கொஞ்சம் வயிற்றுப் புரட்டல். சாப்பாடு எப்படி என்று கேட்டார்.

“விரதம் மேடம். ஒரு வேளைதான். உப்பில்லாம.”

டாக்டரம்மா குரலை உயர்த்தினார்.

“உப்பே இல்லாமலா? எவ்வளவு நாளா?”

“காப்பு கட்டினதுலேருந்து.”

“ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தேனேம்மா, இந்த மாத்திரை சாப்பிடறவங்க உப்பக் குறைக்கவே கூடாதுன்னு. கிட்னிக்கு உப்பும் லித்தியமும் ஏறக்குறைய ஒண்ணுதான். உப்பு வரலைன்னா, இருக்கறத வெளிய வுடாம புடிச்சி வச்சிக்கும். கூடவே லித்தியத்தையும் புடிச்சிக்கும். அதுவும் இந்த வெயில்ல. உடனே கூட்டிட்டு வாங்க. லேட் பண்ணாதீங்க, மூளைக்குப் போயிடும்.”

சொல்லியிருந்தார்தான். எங்கள் ஊரில் எந்த டாக்டரிடம் போனாலும் உப்பைக் குறை என்றுதான் சொல்வார்கள். ஒருத்தர் மட்டும் குறைக்காதே என்று சொன்னது, அப்போது அம்மாவுக்குச் சிரிப்பாக இருந்தது. கேட்டுவிட்டுச் சிரித்து, பிறகு மறந்துபோனோம். சோற்றில் உப்பு போடாமல் யார் சாப்பிடப் போகிறார்கள், அதனால் மறப்பதும் சுலபமாக இருந்தது.

அம்மாவைப் பந்தலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன். சொன்னேன். அவள் முகம் கறுத்தது.

“காப்போட எல்லையத் தாண்டக் கூடாதுடி. தாண்டினா அம்மன் சும்மா வுடமாட்டா. இன்னும் செத்த நேரம்தான். தீ எறங்கிட்டு, மஞ்சத்தண்ணி ஊத்தினதும் போலாம்.”

“இவனால நடக்கவே முடியாதும்மா. தணல்ல வுழுந்துடுவான். வுழலன்னாலும் லேட்டானா மூளைக்குப் போயிடும்னு சொல்றாங்க.”

“நீ எல்லாத்துக்கும் இப்டித்தான் சொல்வ.”

“ஆமாம்மா. சொல்வேன்.”

அம்மா என் முகத்தையே பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“நெஜமா சொல்லு. இது உன் பயமா? இல்ல நெஜமாலுமே எதனா இருக்கா?”

வாழ்க்கையில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. நான் என்னிடமே தினமும் கேட்டுக்கொள்கிற கேள்வியும் அதுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“ரெண்டும்தாம்மா. என் பயத்தக் கழிச்சிட்டுப் பாத்துட்டேன். கழிச்சாலும் மிச்சம் இருக்கு.”

அம்மாவுக்கு என் இரும்பும் லித்தியமும் தெரியாது. ஆனால் நான் சொன்னது அவளுக்குப் புரிந்தது. வேறு எதுவும் பேசாமல் பந்தலுக்குள் போனாள். அண்ணன் எதிரில் உட்கார்ந்து, உதறுகிற கையைத் தன் மடியில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, பல்லால் கடித்து காப்பின் முடிச்சை அவிழ்த்தாள். பந்தலில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அவள் அந்தக் கயிற்றைத் தன் மணிக்கட்டில் சுற்றி, என்னிடம் கையை நீட்டினாள்.

“கட்டுடி.”

“நீ எப்படிம்மா?”

“வேண்டிக்கிட்டவ நானு. புள்ளைக்கு உப்பில்லாமப் போட்டுட்டு நான் மட்டும் உப்பு போட்டுத் தின்னுவனா? நானும் அதே சோத்ததான் தின்னேன். அம்மனுக்குத் தெரியும். நீ கட்டு.”

எனக்கு மட்டும் தனியாக உப்பு போட்டு வைத்ததை அத்தனை நாளும் பார்த்துக்கொண்டிருந்தும், கவனிப்பதைத் தவிர வேறு புத்தியில்லாத நான் இதைக் கவனிக்கவில்லை. கட்டினேன். பூசாரி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அம்மா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

பக்கத்துத் தெருக்காரர் ஒருவரின் ஆட்டோவில் அண்ணனை ஏற்றினோம். தீ இறங்க அம்மா கோயிலிலேயே நின்றுவிட்டாள். அவன் தலை என் தோளில் கிடந்தது, உடம்பு தகித்தது. ஏரிக்கரைப் பக்கம் ஊர் எல்லைக் கல் வந்தபோது என்னையறியாமல் கண்ணை மூடிக்கொண்டேன். நட்சத்திரத்தின் அடியில் எத்தனை டிகிரி சூடு என்று கணக்குப் போடுகிறவள்தான். ஆனாலும் மூடிக்கொண்டேன். காப்பு அவன் கையில் இல்லை, அம்மா கையில் இருக்கிறது என்று அம்மனுக்கு ஞாபகப்படுத்திக்கொண்டே போனேன்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். லித்தியத்தின் அளவு மிக மிக அதிகம் என்று வந்தது. தேவைப்பட்டால் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷினில் போட வேண்டியிருக்கும், இப்போதைக்கு டிரிப்ஸ் ஏற்றிப் பார்க்கிறோம் என்றார் டாக்டரம்மா.

“என்ன டிரிப்ஸ் மேடம்?”

“சலைன்தாம்மா. உப்புத் தண்ணி.”

சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் அம்மாவின் ஞாபகம் நெஞ்சில் இடித்தது. அந்நேரம் அவள் தணலில் இறங்கியிருப்பாள். அறுபதைத் தொடுகிற உடம்பு, ஒரு வேளைச் சோறு, பழக்கமில்லாத கால். போன் செய்யலாம் என்று பையைத் திறந்தால் அவளுடைய போனும் என் பையில்தான் கிடந்தது. கோயிலுக்குக் கிளம்பும்போது அவள்தான் கொடுத்திருந்தாள். எனக்கு எது நிஜப் பயம், எது வழக்கமான பயம் என்று பிரிக்கத் தெம்பில்லை. எல்லாம் கலந்து ஒன்றாக இருந்தது. அண்ணனின் கையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விளக்குப் போடும் நேரத்துக்கு அம்மா வந்தாள். அதே ஆட்டோ. மஞ்சள் தண்ணீரில் நனைந்த சேலை பாதி காய்ந்திருந்தது. வலது காலைத் தரையில் முழுதாக ஊன்றாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். காலைப் பார்க்கக் குனிந்த என்னைத் தள்ளிவிட்டாள். அண்ணன் நெற்றியில் தீக்குழிச் சாம்பலைப் பூசிவிட்டு, மேலே தொங்கும் பாட்டிலைப் பார்த்தாள்.

“அது இன்னாடி?”

“உப்புத் தண்ணிம்மா.”

அவள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தாள். அதுவரை அழாதவள் அப்போது அழுதாள். “நான்தான்டி. என் கையாலதான் போடாம வுட்டேன்” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் காலடியில் உட்கார்ந்து, பாதத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். கொப்புளம் குதிகாலிலிருந்து நடுப்பாதம் வரை இருந்தது.

மெஷின் தேவைப்படவில்லை. அண்ணனின் உதறல் மெல்ல மெல்ல அடங்கியது. ஆனால் நாக்கு சரியாகவில்லை. பேசினால் வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுகிற மாதிரி வந்தது. அநேகமாகத் திரும்பிவிடும், ஒரு சிலருக்கு முழுசாகத் திரும்பாமலும் போகலாம், பார்ப்போம் என்றார் டாக்டரம்மா. வீட்டுக்கு அனுப்பும்போது அதே மாத்திரையைக் குறைந்த அளவில், அடிக்கடி ரத்தம் பார்த்துக்கொண்டு, மறுபடி தொடங்கலாம் என்றார். அதை விட்டால் பழைய சுற்றல், சாப்பிட்டால் இந்தப் பயம். கை அளவு வெள்ளைச் சீட்டில் அந்த மாத்திரையை எழுதி வாங்கிக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் ஆட்டோவில் ஏறினோம்.

இதற்கிடையில் என் நட்சத்திரங்களையும் ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே உட்கார்ந்து முடித்துவிட்டேன். இரும்பைக் கழித்தபோது வேகமானவற்றில் சில கீழே இறங்கின. ஆனால் உறவு போகவில்லை. வேகமாகச் சுழல்பவற்றில் லித்தியம் மிச்சம் இருக்கத்தான் செய்தது. அது எப்படித் தப்பித்தது என்று மட்டும் எனக்கு இன்னும் தெரியாது. சார் போனில் பாராட்டினார். நான் நன்றி சொல்லிவிட்டு, அண்ணன் வாயில் அடுத்து என்ன வார்த்தை, அது எப்படி வருகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த நாட்களில் எனக்கு அதுதான் வேலை.

வீடு வந்த அன்று அம்மா சோறு வடித்து, முருங்கைக்காய் சாம்பார் வைத்தாள். கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, உப்பு ஜாடியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள். அண்ணன் பிசைந்து ஒரு வாய் வைத்தான். முகம் கோணியது. வாந்தியா, மயக்கமா, மறுபடியுமா? அவன் விழுங்கினான். நாக்கை ஒரு தடவை சுழற்றினான்.

“கரிக்குதும்மா” என்றான்.

ஒரு எழுத்துகூடக் குழறவில்லை. அவனுடைய பழைய குரல், பழைய சலிப்பு. அம்மா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். பிறகு அவள் ஜாடிக்குள் கையை விட்டு இன்னும் ஒரு சிட்டிகை எடுத்து அவன் சோற்றில் போட்டாள்.

“கரிக்கட்டும். தின்னு.”